சீமைப்பலாவை ரெண்டா வெட்டின நாள்

“அது எங்க?”

“எது எங்க?”

“என் கட்டடம்டி, கெலெரா! என் கட்டடம் எங்க?”

அக்கா கையில துணி. மேசை மேல ஒத்தைச் செருப்பு. பச்சைக் கலரு, குதிகால் தேஞ்சு போயி, வாருக்குக் கம்பி கட்டின பழைய ரப்பர் செருப்பு.

நேத்து சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும்தான் அந்த அட்டை மாடலை ஊர்க்கூடத்துக்குத் தூக்கிட்டு வந்து மேசையில வெச்சோம். துணி போர்த்தி, காத்துக்குப் பறக்காம நாலு மூலைக்கும் கல்லு வெச்சோம். நாலு கல்லும் அப்படியே இருக்கு. துணி அப்படியே இருந்துச்சு. உள்ள இருந்த பவளப்பாறை ஆராய்ச்சி மையம் மட்டும் காணோம்!

சரி, போன வாரம் படிக்காதவங்களுக்கு வேகமா சொல்லிடுறேன், மத்தவங்க ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுட்டு வாங்க.

உனாய்சி என் அக்கா. ஆக்லாந்துல கட்டடம் வரையப் படிச்சு, அங்கயே வேலையும் பாத்துட்டு, இப்போ எங்க நசேவு கரைக்கே திரும்பி வந்திருக்கா. எதுக்குன்னா, பெரியப்பா செத்தப்போ வழக்கப்படி கடல்ல ஒரு பக்கத்தை மூடினோம். கம்பு நட்டு, அதுக்குள்ள யாரும் வலை போடக்கூடாது. துக்கம் கழிஞ்சதும் திறந்துடுவோம், அதான் முறை. ஆனா திறக்கப் போன அன்னிக்கு உள்ள முங்கிப் பாத்தா, வெளுத்துப் போயிருந்த பவளம் எல்லாம் நிறம் பிடிச்சு நிக்குது! மீனு அவ்ளோ! அப்பா தண்ணியில இருந்து தலையைத் தூக்கி, “திறக்க வேணாம்”னு ஒத்தை வார்த்தை சொன்னாரு. அன்னில இருந்து அந்தக் கம்பு அப்படியே நிக்குது. உடைஞ்ச பவளத்துண்டுகளைக் கயித்துல கட்டி, தண்ணிக்குள்ள தொங்க விட்டு வளத்து, மறுபடி பாறையில நடுறது என் வேலை. பாதி நாள் நான் மீனுதான்.

இப்போ ஒரு அறக்கட்டளை, இங்க ஆராய்ச்சி மையம் கட்டித் தர்றோம், பாக்க வர்றவங்களுக்கும் இடம் வைப்போம்னு முன்னாடி வந்திருக்கு. ஒரே ஒரு நிபந்தனை. கடல் யாருதோ, அந்தக் குலம் கூடி, ப்ளானைப் பாத்து, சரின்னு சொல்லணும். கூட்டம் இன்னிக்கு. சரின்னு வரலேன்னா அவங்க வேற கரைக்குப் போயிடுவாங்க. அக்காவும் ஆக்லாந்துக்கே போயிடுவா. அவளோட முதல் கட்டடம் இது.

குலத்தலைவர் யாருன்னு கேக்குறீங்களா? எங்கப்பாதான். சந்தோஷப்படாதீங்க. “என் பொண்ணுங்கிறதுனால ஒரு கேள்வி கூடத்தான் கேப்பேனே தவிர குறையாது”ன்னு போன வாரமே சொல்லிட்டாரு.

ஆச்சா? இப்போ செருப்புக்கு வருவோம்.

“கெலெரா, இந்தச் செருப்பு யாருது?”

பாத்தவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நேத்து பொழுது சாயும்போது பாட்டுப் பாடிக்கிட்டே ஒரு படகு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ங்காவு தீவுக்காரங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் தௌவு முறை. ரெண்டு ஊருக்கும் ஒரே மூதாதை. அதனால அவங்க எங்களை என்ன திட்டினாலும் திட்டலாம், எங்க வீட்டுல எதை எடுத்தாலும் எடுக்கலாம். நாங்களும் அப்படித்தான். கோவம் மட்டும் வரக்கூடாது. வந்துச்சுன்னா கோவப்பட்டவங்க ஒரு பன்னி குடுக்கணும்.

“மகெரெத்தா!” அக்கா பல்லைக் கடிச்சா.

“கோவமாக்கா?” நான் அவசரமா கேட்டேன். “கோவம் இல்லைன்னு சொல்லு! நம்மகிட்ட ஒரு பன்னிதான் இருக்கு!”

“கோவம் இல்ல. கோவமே இல்ல.” மூஞ்சி மரவள்ளித் தோலு மாதிரி ஆயிடுச்சு. “ஓடு!”

ஓடினேன்.

கரைக்குப் போறதுக்குள்ள படகு கிளம்பிடுச்சு. உள்ள ஏழெட்டுப் பொம்பளைங்க, எல்லாரும் காதுல செம்பருத்தி. நடுவுல ஒத்தைச் செருப்போட மகெரெத்தா அக்கா, அவங்க மடியில எங்க ஆராய்ச்சி மையம். அது மேல வெயில் படக்கூடாதுன்னு இன்னொருத்தி குடை பிடிக்கிறா!

“மகெரெத்தாக்கா! அதைத் திருப்பிக் குடுங்க!”

“எங்க வீட்டுக் கூரை ஒழுகுது, கண்ணு! அதான் ஒரு வீடு எடுத்துட்டுப் போறோம்!”

“அது அட்டை! மழை பட்டா ஊறிக் கரைஞ்சிடும்!”

“உங்க ஊரு ஆம்பளைங்க மாதிரியா?”

படகே ஆடுற மாதிரி சிரிப்பு. நான் இடுப்பளவு தண்ணியில இறங்கிட்டேன்.

“இன்னிக்குக் கூட்டம்க்கா! அப்பா பாக்கணும்!”

“எங்க இருக்கீங்க, நசேவு நண்டுங்களா? வளைக்குள்ளயா? கோவம் வந்துச்சா? வந்துச்சுன்னு சொல்லு, பன்னியை ஏத்தி விடு!”

“வரவே இல்ல!” நான் பல்லு தெரிய சிரிச்சுக் காட்டினேன்.

“அப்போ சாயங்காலம் அலை ஏறுறப்போ வர்றோம்! என் செருப்பைப் பத்திரமா வெச்சிரு!”

முனையைத் தாண்டிப் போயிட்டாங்க. பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. நல்லாத்தான் பாடுறாங்க, அதுவேற எரிச்சல்.

திரும்பி வந்தா அக்கா கூடத்துப் படியில உக்காந்திருந்தா, செருப்பை மடியில வெச்சுக்கிட்டு. அந்த மாடலோட மேல் மாடி இருக்கே, கண்ணாடிக் கூடம், அதை அவ எப்படிச் செஞ்சான்னு எனக்குத் தெரியும். பழைய ப்ளாஸ்டிக் பாட்டிலைப் பிளந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு. தூங்கறதுக்கு முன்னாடி ஒருதரம் போயி அதைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பா.

அப்பா வந்தாரு. பின்னாடியே அம்மா, புது நீல சூலூத் துணியை இடுப்புல சுத்திக்கிட்டு. இன்னிக்காகவே வாங்கினது, இன்னும் மடிப்புக் கலையல.

அப்பா மேசையைப் பாத்தாரு. அக்கா மடியில இருந்த செருப்பைப் பாத்தாரு. மீசை லேசா ஆடுச்சு.

“தௌவா?”

“ஆமாப்பா.”

“நல்ல வேலைதான் பண்ணியிருக்காங்க.” சிரிப்பை முழுங்கிட்டாரு. “கூட்டம் தள்ளிப் போகாது, உனாய்சி. மேல் கரையில இருந்து எல்லாரும் வந்துட்டாங்க. யங்கோனா கரைக்க ஆரம்பிச்சாச்சு.”

“நான் எதைப்பா காட்டுறது?”

“அது உன் வேலை. என் வேலை கேள்வி கேக்குறது.”

போயிட்டாரு. அம்மா பாவம், என்னைப் பாத்தாங்க. நான் சுத்திமுத்திப் பாத்தேன். பக்கத்து வீட்டுக் கொல்லையில புகை. எங்க மாமா இசிகெலி வீடு. அம்மாவோட அண்ணன். சூடு கல்லு அடுக்கின குழியில இருந்து மதியச் சாப்பாட்டை அப்பத்தான் எடுத்து இலையில பரப்பிக்கிட்டு இருந்தாரு. சீமைப்பலா, மரவள்ளி, பக்கத்துல எண்ணெயில பொரிச்ச மாவுருண்டை, பபகாவ்.

எனக்கு மண்டையில மணி அடிச்சிடுச்சு!

“அக்கா, எந்திரி. உன் கட்டடத்தை மாமா வீட்டுல இருந்து எடுப்போம்.”

மாமா வீட்டுல நாங்க எதை வேணா எடுக்கலாம். அவரு கூடப்பொறந்தவ பிள்ளைங்க நாங்க, வாசூ. அவரு ஒரு வார்த்தை கேக்க முடியாது. கேக்க முடியாதுதான், ஆனா புலம்பலாம்ல?

“ஏய், ஏய்! அது மதியத்துக்கு!”

“மதியம் வரைக்கும் அது ஆராய்ச்சி மையம், மாமா.”

“எனக்குப் பசிச்சா?”

“அப்போ அதுக்குப் பேரு திறப்பு விழா!”

“அந்தப் பெரிய சீமைப்பலாவை மட்டும் விட்டுரு கண்ணு, நான் காலையில இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்...”

எடுத்துட்டேன், கூடவே துருவின தேங்காய், மீன் டின்னு, வாழைப்பழம்னு கைக்குக் கிடைச்சதெல்லாம். வாசூன்னா வாசூதான்.

கூடத்துக்குள்ள போனோம், கீழ்வாசல் வழியா, குனிஞ்சு. மேல் முனையில அப்பா, அவருக்கு ரெண்டு பக்கமும் மத்த குடும்பத்துப் பெரியவங்க, அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியா எங்களை மாதிரிப் பொடிசுங்க. எல்லாரும் பாய்ல. அப்பாவுக்கு நேரா பெரிய வாசல், அந்த வாசலுக்கு வெளிய பழைய கொப்பரைக் கிடங்கு இருந்த காலி மனை, மையம் வரப்போறது அங்கதான், அதுக்கு அந்தப் பக்கம் கடல். யங்கோனா, வேரை இடிச்சுக் கரைச்ச பானம், ஒரு சுத்து வந்துச்சு. கை தட்டினாங்க, குடிச்சாங்க, கை தட்டினாங்க.

“ம்” அப்பா சொன்னாரு. “காட்டு.”

அக்கா நடுப்பாயில முட்டி போட்டு உக்காந்தா. ஒரு நிமிஷம் கை எங்க வைக்கிறதுன்னே தெரியாம முழிச்சா.

“அம்மா, கடல் வேணும்” மெதுவா கேட்டா.

அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு. புது சூலூவை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, அதை அவுத்து, உள்பாவாடையோட நின்னுக்கிட்டே உதறி நீட்டினாங்க. கூடமே ‘ஓ’ன்னு கத்துச்சு.

“கறை படிஞ்சா நீதான் துவைக்கிற” அம்மா சொன்னாங்க.

நீல சூலூ விரிஞ்சது, கடல். துருவின தேங்காயை அக்கா வளைச்சு வளைச்சுத் தூவினா, பவளப்பாறை. நான் பக்கத்துல போயி அஞ்சாறு தீக்குச்சியை நிறுத்தினேன், பெரியப்பாவுக்காக நட்ட கம்பு. மரவள்ளித் துண்டை வரிசையா வெச்சா, லேப். மீன் டின்னு மூணு, கடல்தண்ணித் தொட்டி. அப்புறம் கொட்டாங்குச்சியைக் கவுத்து, அது மேல மாமாவோட சீமைப்பலாவைத் தூக்கி வெச்சா. ரெண்டு மாடி, வர்றவங்க நின்னு பாக்குற பெரிய கூடம். பக்கத்துல ஒரு பபகாவ், பொம்மையும் சட்டையும் விக்கிற கடை.

“படகுத்துறை எங்க?” யாரோ கேட்டாங்க.

அக்கா இடுப்புல செருகியிருந்த பச்சைச் செருப்பை உருவி, கரையில இருந்து கடலுக்கு நீட்டி வெச்சா.

அய்யோ, அந்தச் சிரிப்பு! பின்னாடி இருந்தவங்க முன்னாடி வந்துட்டாங்க, முட்டி போட்டு, கை ஊணி, எல்லாரும் சுத்தி. அக்காவோட குரல் மாறிடுச்சு பாருங்க. காலையில இருந்த நடுக்கம் எங்க போச்சுன்னே தெரியல.

அப்பா ஆரம்பிச்சாரு.

“கக்கூஸ் தண்ணி எங்க போகும்?”

“மேல, மலைப்பக்கம். கல்லும் மணலும் போட்ட குழி, அதுல நாணல். அதுல வடிஞ்சது வாழைக்கு. கடலுக்கு ஒரு சொட்டு வராதுப்பா.” ரெண்டு வாழைப்பழத்தை நட்டு வெச்சா. “அழுக்கு கடலுக்குப் போனா பாசி பிடிக்கும், பாசி பவளத்தை மூடிடும்.”

“அந்த வாழைப்பழத்தை யாரு சாப்பிடுவா?”

“நான்!” மாமா கையைத் தூக்கினாரு.

சிரிச்சு அடங்கவே நேரம் ஆச்சு. அப்பா மட்டும் சிரிக்கல.

“வெளியூர்க்காரங்க உடம்பு பூரா க்ரீம் பூசிக்கிட்டு வருவாங்களே?”

“வாசல்ல குளிச்சுட்டுத்தான் இறங்கணும். க்ரீமுக்குப் பதிலா நீளக்கைச் சட்டை நாம குடுப்போம்.”

“பவளம் முட்டை விடுற ராத்திரி?”

“கடல் பக்கம் ஒரு விளக்கு எரியாது. அந்தப் பக்கச் சுவத்துல விளக்குக்கு இடமே வைக்கல.”

கேள்வி, பதில், கேள்வி, பதில். எனக்கு வாய் காதுவரைக்கும் போகுது. அப்பத்தான் பாத்தேன்.

“அக்கா” கிசுகிசுத்தேன். “கடையைக் காணோம்.”

எல்லாரும் திரும்பிப் பாத்தோம். மாமா கன்னம் உப்பியிருந்துச்சு. மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல.

“இசிகெலி” அப்பா நிதானமா கேட்டாரு. “பொம்மைக் கடை எப்படி இருக்கு?”

“கொஞ்சம்... சக்கரை கம்மி, மச்சான்.”

இதுக்கு அப்பாவே சிரிச்சிட்டாரு! அப்புறம் அக்கா பக்கம் திரும்பினாரு. “அது இல்லாம ஏதாவது குறையுதா?”

அக்கா பாயைப் பாத்தா. சாய்ஞ்சு இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா.

“இல்லப்பா. ஒண்ணும் குறையல.”

“அப்போ கட்டாத.”

ஒரு கட்டடம் போச்சு, ஆனா எல்லாருக்கும் சந்தோஷம். சரின்னு சொல்லப் போறாருன்னு நான் நெனச்சேன். அவரு சொல்லல. கிண்ணத்தைத் தள்ளி வெச்சாரு. முன்னாடி குனிஞ்சு, தாடையைப் பாய் உசரத்துக்குக் கொண்டு போயி, ரொம்ப நேரம் பாத்தாரு.

“உனாய்சி. இங்க வா. என் பக்கத்துல உக்காரு.”

அக்கா முட்டியாலயே நகந்து போயி உக்காந்தா.

“என்ன தெரியுது?”

“சீமைப்பலா.”

“அதுக்குப் பின்னாடி?”

அக்கா கண்ணு வாசல் வழியா வெளிய போச்சு, காலி மனையைத் தாண்டி, தண்ணிக்கு. அங்க, தூரத்துல, நாலஞ்சு கருப்புக் கோடு. பெரியப்பா கம்பு.

“நான் தினமும் இங்க உக்காந்துதான் அதைப் பாக்குறேன்.” அப்பா அவ்ளோதான் சொன்னாரு. அண்ணன்ங்கிற வார்த்தையே வாயில வரல.

அந்த மனையில ரெண்டு மாடி எழும்பினா, இங்க உக்காந்தா கம்பு தெரியாது. கண்ணாடிக் கூடம்! அந்த மேல் மாடிதான் அக்காவோட உயிரு. அங்க நின்னா பவளப்பாறை பூரா ஒரு படம் மாதிரித் தெரியும், அதுக்குத்தான் இவ்ளோ பாடுன்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கா. அதை விட்டாதான் அப்பா சரிம்பாரு. விடலேன்னா முடியாதும்பாரு. அவ முகத்துல ரெண்டும் ஓடுது, நான் பாக்குறேன்.

அக்கா நடுப்பாய்க்குத் திரும்பி வந்தா. கையை நீட்டினா.

“மாமா, கத்தி.”

மாமா குடுத்தாரு.

சீமைப்பலாவை எடுத்து, பாய்ல வெச்சு, சதக்! ரெண்டா வெட்டினா. ஆவி பறக்குது உள்ள இருந்து. ஒரு பாதியைக் கவுத்து அதே இடத்துல வெச்சா. கொட்டாங்குச்சியைத் தூக்கி ஓரமா போட்டா. இன்னொரு பாதியை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, குனிஞ்சு, அப்பா முன்னாடி நீட்டினா.

“மேல் மாடிப்பா. சூடா இருக்கு. சாப்பிடுங்க.”

கூடமே சிரிப்புல வெடிச்சுச்சு! மாமா தொடையில தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு, “என் சீமைப்பலா, என் சீமைப்பலா”ன்னு அழுதுக்கிட்டே சிரிக்கிறாரு.

அப்பா வாங்கினாரு. ஒரு விள்ளல் பிட்டு வாயில போட்டாரு. மென்னாரு.

“அப்போ வர்றவங்க எங்க நின்னு பாப்பாங்க?”

“பவளத்தைப் பாக்க எதுக்குப்பா மேல ஏறணும்?” அக்காவுக்கு இப்போ கண்ணு மின்னுது, கை தானா நகருது. மீன் டின்னை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, சூலூவை நோக்கிச் சரிவா வெச்சா. “கீழ இறங்கட்டும். படிப்படியா. கடைசிப் படியில உக்காந்தா தொட்டியில இருக்குற பவளம் கண்ணுக்கு நேரா இருக்கும். கெலெரா தினமும் பாக்குற மாதிரி.”

என் பேரைச் சொல்லிட்டா! எல்லார் முன்னாடியும்!

அப்பா இன்னொரு விள்ளல் பிட்டாரு. மிச்சத்தை மாமாகிட்ட தள்ளிவிட்டாரு. கையைத் துடைச்சுக்கிட்டு, உள்ளங்கையைக் குவிச்சு, டொப்பு, டொப்பு, டொப்புன்னு மூணு தட்டு. கூடம் முழுக்க அதே தட்டு. அவ்ளோதாங்க, முடிஞ்சுது. சரின்னாச்சு! அம்மா உள்பாவாடையோடயே எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிட்டாங்க.

அந்தக் கூத்துக்கு நடுவுல எனக்கு ஒண்ணு உறைச்சுது. அக்காவை இழுத்தேன்.

“அக்கா, அந்த மாடலை எதுக்கு மேசையில வெச்சோம்?”

“எல்லாரும் சுத்தி நின்னு மேல இருந்து பா...” பாதியில நிறுத்திட்டா. கை வாய்க்குப் போயிடுச்சு.

ஆமா! அப்பா பாய்ல உக்காந்திருக்க, ஊரே எந்திரிச்சு நின்னு, அவரு தலைக்கு மேல எட்டிப் பாத்திருக்கும்! தலைவரு உக்காந்திருக்குற கூடத்துல யாரு நிப்பா? குழந்தைக்குக் கூடத் தெரியும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அந்த மேசையைத் துடைச்சு வேற வெச்சோம்!

“ஆக்லாந்துல எல்லாரும் நின்னுக்கிட்டேதான் பாப்பாங்க” அக்கா முணுமுணுத்தா. “எனக்குத் தோணவே இல்லடி.”

“எனக்கும்தான் தோணல. நான் எந்த ஆக்லாந்துக்குப் போனேன்?”

ரெண்டு பேரும் சுவத்துல சாஞ்சு வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

சாயங்காலம் அலை ஏறுச்சு. பாட்டு முதல்ல வந்துச்சு, அப்புறம் படகு.

மகெரெத்தா அக்கா மாடலைத் தலை மேல தூக்கிக்கிட்டு, ஊர்வலம் மாதிரி கரையேறினாங்க. ஒரு கீறல் இல்ல. சத்தியமா! கூரை ஓரமா சின்னச் சின்னப் பூ மட்டும் சொருகியிருந்துச்சு. கண்ணாடிக் கூடத்துக்குள்ள ஏதோ நகருது, என்னன்னு பாத்தா, சங்குக்குள்ள குடியிருக்குற சின்ன நண்டு ஒண்ணு.

“வாடகைக்கு ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கோம்” மகெரெத்தா அக்கா சொன்னாங்க. “வீடு அவனுக்குப் பிடிச்சிருக்காம். என் செருப்பு எங்க?”

“அது இப்போ படகுத்துறை” நான் சொன்னேன்.

“என்னது?”

கூட்டிட்டுப் போயி காட்டினோம். நீல சூலூ, தேங்காய், மிச்சம் இருந்த மரவள்ளி, அரைச் சீமைப்பலா, எல்லாம் பாய்ல அப்படியே இருந்துச்சு. அவங்க ஒருதரம் சுத்தி வந்தாங்க, குனிஞ்சு பாத்தாங்க. தன் செருப்பைத் தடவிப் பாத்தாங்க. சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கல. அப்பாவுக்கு எதிர்ல பாய்ல உக்காந்துட்டாங்க.

“தௌவு” அப்பாவைப் பாத்துச் சொன்னாங்க. “விளையாட்டு போதும். ஒண்ணு கேக்கணும். காலையில நாங்க அதைக் கிண்டலுக்குத்தான் எடுத்தோம். ஆனா நாள் பூரா மடியில வெச்சுக்கிட்டுப் பாத்துட்டேன். எங்க பாறையும் வெளுத்துப் போச்சு. நாங்களும் மூடிட்டோம், கம்பு நட்டுட்டோம். எங்க ஊரு மேடு உங்களுக்குத் தெரியுமே? அங்க ரெண்டு மாடி என்ன, நாலு மாடி கட்டினாலும் யாரு கண்ணையும் மறைக்காது.” மாடலை முன்னாடி நகத்தி வெச்சாங்க. “உங்களுக்கு அரைச் சீமைப்பலா போதும்னா, இந்த முழுசை எங்களுக்குக் குடுங்க. இதைச் செஞ்ச பொண்ணையும் குடுங்க. நாளைக்குக் காலையில படகு கிளம்புது.”

அப்பா அக்காவைப் பாத்தாரு. தௌவு கேட்டு இல்லைன்னு சொன்ன தலைவரு எங்க ஊருல பொறக்கவே இல்ல. ஆனா இங்க வேலை இப்பத்தானே சரின்னு ஆகியிருக்கு!

அக்கா என்ன பண்ணா தெரியுமா? அந்தக் கண்ணாடிக் கூடத்தை ஒரு விரலால தொட்டா. காலையில செத்துப்போச்சுன்னு நெனச்சது, ஒரு மேட்டு மேல எந்திரிச்சு நிக்கப் போகுது. முகமெல்லாம் வெளிச்சம். அப்படியே திரும்பி என்னைப் பாத்தா.

“கெலெரா. நான் அங்க வரைஞ்சு குடுத்துட்டு வர்ற வரைக்கும் இங்க அஸ்திவாரத்துக்கு யாராவது நிக்கணும். தண்ணி எங்க ஏறும், எங்க சுழிக்கும், படி எந்தப் பக்கம் இறங்கணும்... உன்னை விட்டா யாரு?”

“எனக்கு ஒரு நேர்க்கோடு ஒழுங்கா போட வராதுக்கா!”

“பவளம் எங்கடி நேர்க்கோட்டுல வளருது?”

அப்பா பாக்குறாரு. அம்மா பாக்குறாங்க. மாமா மெல்லுறதை நிறுத்திட்டுப் பாக்குறாரு. மகெரெத்தா அக்கா செருப்பைக் கையில வெச்சுக்கிட்டுப் பாக்குறாங்க. தொண்டை வரைக்கும் ‘சரி’ வந்து நிக்குது, காலு ரெண்டும் கடலுக்கு ஓடப் பாக்குது. தண்ணிக்குள்ள கயித்துல தொங்குற என் பவளக்குஞ்சுங்களை யாரு பாத்துப்பாங்கன்னு ஒரு பக்கம், முதல் கல்லு நானே வைக்கிறேன்னு இன்னொரு பக்கம். நிஜமாச் சொல்லுங்க, அந்தப் பாய்ல நீங்க உக்காந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?